வாய்ப்புற்றுநோயில் பரம்பரையின் பங்கு எவ்வளவு?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யாரிடமாவது வெற்றிலையை விடச் சொல்லிப் பேச்செடுத்தால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "எங்கட அம்மம்மா தொண்ணூறு வயசுமட்டும் போட்டவ மனே, அவவுக்கு ஒண்டும் வரல்லயே." சொல்பவர் பொய் சொல்லவில்லை. அப்படிப்பட்ட அம்மம்மாக்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அதே ஊரில், அதே கடையில் வாங்கிய பாக்கையும் புகையிலையையும் மென்று நாற்பத்தைந்து வயதில் தாடையின் ஒரு பக்கத்தை இழந்தவர்களும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நியாயமானது. அதில் ஒரு பங்கு பிறப்போடு வந்த மரபணுவில் இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அதை வைத்து "எங்கட குடும்பத்துக்கு ஒண்டும் செய்யாது" என்று முடிவு கட்டுவதுதான் பிழை. ஏன் பிழை என்று விளங்கிக்கொள்ள, மரபணு இந்த நோயில் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

மரபணு மாற்றம் என்றதும் எல்லோரும் பரம்பரையைத்தான் நினைக்கிறார்கள். வாய்ப்புற்றுநோயில் இரண்டு விதமான வேறுபாடுகள் இருக்கின்றன. ஒன்று, தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் கருவிலேயே வந்தது. கிட்டத்தட்ட உடம்பின் எல்லாக் கலங்களிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் போகும். மற்றது, பிறந்த பிறகு கன்னத்திலோ நாக்கிலோ உள்ள சில கலங்களில் மட்டும் உண்டாகும் விகாரம். அது அந்த ஆளோடு முடிந்துவிடும், பிள்ளைக்குப் போகாது. புற்றுநோயை நேரடியாக உண்டாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. முதல் வகை செய்வதெல்லாம், இரண்டாவது வகை எவ்வளவு சுறுக்காகச் சேரும் என்பதைக் கூட்டிக் குறைப்பதுதான்.

இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் நீண்ட காலமாக முன்வரிசையில் நிற்கிறது. கிழக்கில் அது ஏன் நம்மோடு இவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. யானைக் காவலுக்கு விடிய விடிய வட்டைக்குள் பரணில் இருப்பவர் நித்திரை முறிக்க வெற்றிலை போடுகிறார். தோணியில் வாவிக்குப் போகிறவர் பசி அடங்கப் போடுகிறார். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் வெற்றிலைத் தட்டம் முதலில் வருகிறது.

வெற்றிலைக் கூறு ஒன்றை அவர்கள் கட்டுவதைக் கிட்டத்தில் இருந்து பாருங்கள். நரம்பு கிள்ளிய இலையில் விரல் நுனியால் சுண்ணாம்பைப் பூசி, பாக்குவெட்டியில் சீவிய பாக்கை வைத்து, ஒரு துண்டுப் புகையிலையைச் சேர்த்து மடித்து, மென்றபின் சக்கையை ஒரு பக்கக் கொடுப்புக்குள் அடக்கி வைப்பார்கள். சிலர் அப்படியே நித்திரையாகியும் போவார்கள். வருடக்கணக்காக ஒரே பக்கம் அடக்குபவருக்கு, வெள்ளைத் திட்டும் புண்ணும் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே வரும். பரம்பரை மட்டும் காரணமென்றால் இடக் கன்னத்துக்கும் வலக் கன்னத்துக்கும் இந்த வித்தியாசம் வர நியாயமில்லை, ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் இருப்பது ஒரே பரம்பரைதான்.

இந்தக் கூறில் இலை பெரிய குற்றவாளி அல்ல. உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1980களிலேயே புற்றுநோய் உண்டாக்குவது என்று சொல்லிவிட்டது. 2004இல் வெளிவந்த அறிக்கையில் புகையிலை சேராத வெற்றிலைக் கூறையும், பாக்கைத் தனியாகவும்கூட அதே முதல் வரிசையில் வைத்தது. புகையிலை இல்லாவிட்டால் பயமில்லை என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு இனிப்புப் பாக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள், உமிழ்நீரில் உள்ள நைத்திரைற்றோடு சேர்ந்து நைத்திரோசமைன்கள் என்ற நச்சுகளை உண்டாக்குகிறது. புகையிலை தன் பங்குக்கு வேறு நைத்திரோசமைன்களைக் கொண்டுவருகிறது. சுண்ணாம்பின் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருட்கள் ஒட்சியேற்றமடைந்து, மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ.யைக் கடிக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. பாக்கில் செம்பும் அதிகம். அந்தச் செம்பு கன்னத்தின் உள்ளே நார்களை முறுக்கிக் கட்டும் நொதியத்தைத் தூண்டுவதால்தான் சிலருக்குக் கன்னம் இறுகி, வாய் திறக்க முடியாமல், உறைப்புப் பட்டால் எரியத் தொடங்குகிறது.

நச்சு எல்லோர் வாய்க்குள்ளும் ஒரே மாதிரித்தான் போகிறது. உள்ளே போன பிறகு ஒவ்வொரு உடம்பும் அதை ஒவ்வொரு மாதிரிக் கையாளுகிறது. பிறவி மரபணு தலையிடுவது இந்த இடத்தில்தான்.

இதற்கு நம் நாட்டிலிருந்தே ஒரு நல்ல சான்று இருக்கிறது. நைத்திரோசமைன் அப்படியே டி.என்.ஏ.யைத் தாக்குவதில்லை. உடம்பிலுள்ள சில நொதியங்கள் அதை உடைக்கும்போதுதான் அது தாக்கும் வடிவத்துக்கு மாறுகிறது. அப்படி மாற்றுகிறவற்றில் ஒன்று சிவைபி2ஏ6. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதியத்துக்கான மரபணு முழுதாக இல்லாமல் இருக்கும். 2002இல் யப்பானிய ஆய்வாளர்கள், வெற்றிலை போடும் இலங்கையரை எடுத்து, வாய்ப்புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் இல்லாதவர்களுக்கு நோய் வருவது தெளிவாகக் குறைந்திருந்தது. நொதியம் இல்லாததால் நச்சு முழு வேகத்தில் விழித்துக்கொள்ளவில்லை என்பதே அவர்களின் விளக்கம். தொண்ணூறு வயது அம்மம்மாக்களில் சிலருக்கு இப்படி ஒரு கொடுப்பினை இருந்திருக்கலாம்.

ஆனால் இதே நொதியம்தான் நிக்கொட்டினையும் உடைக்கிறது. அது குறைவாக உள்ளவருக்கு நிக்கொட்டின் உடம்பில் அதிக நேரம் தங்கும். அதனால் அடுத்ததைத் தேடும் அவா மெல்ல வரும். புகைப்பவர்களிடம் இது நன்றாகக் காட்டப்பட்டிருக்கிறது. ஆக, ஒரு மரபணு நச்சைக் கையாள்வதிலும் பழக்கத்தின் அளவிலும் ஒரே நேரத்தில் கை வைக்கக்கூடும். இரண்டையும் பிரித்து எடுப்பது லேசான காரியம் இல்லை.

விழித்துக்கொண்ட நச்சைப் பிடித்து வெளியேற்றும் நொதியங்களும் உண்டு. ஜிஎஸ்டிஎம்1 என்பது அதில் பேர்போனது. ஐரோப்பியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த மரபணுவே கிடையாது. தென்னாசியரில் இல்லாதவர்கள் அதைவிடக் குறைவு, ஆனாலும் கணிசமானவர்கள். இல்லாதவர்களுக்கு வாய்ப்புற்றுநோய் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது என்று ஆசியாவில் நடந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பத்து வருடம் புகையிலை அடக்குவது கூட்டும் ஆபத்துக்கு முன்னால் இது சின்ன விஷயம். மதுவைப் பொறுத்தவரை, குடித்த அற்ககோலை அசற்றல்டிகைட்டாக மாற்றும் மரபணுவும், அதைக் கழிவாக்கும் மரபணுவும் முக்கியமானவை. இரண்டாவது மரபணு பழுதாக இருப்பது சீனா, யப்பான் பக்கத்தில் அதிகம், நம் பக்கத்தில் அரிது. நம்மவர்களுக்குக் கள்ளும் கசிப்பும் கெடுதல் செய்வது வெற்றிலையோடும் பீடியோடும் சேரும்போதுதான் கடுமையாகிறது.

ஒவ்வொரு மரபணுவாகத் தேடாமல் முழு மரபுத்தொகுதியையும் ஒரேயடியாக அலசும் ஆய்வுகள் பிறகு வந்தன. 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்று ஐரோப்பாவிலும் இரு அமெரிக்கக் கண்டங்களிலும் இருந்து வாய், தொண்டைப் புற்றுநோய் வந்த 6,034 பேரையும் நோயில்லாத 6,585 பேரையும் ஒப்பிட்டது. ஆபத்தோடு தொடர்புள்ள சில இடங்கள் அதில் தெரியவந்தன. அவற்றில் ஒன்று 5ஆம் நிறமூர்த்தத்தில் (நிறமூர்த்தம் என்பது மரபணுக்கள் வரிசையாக அடங்கிய இழை), கலம் எத்தனை தடவை பிரியலாம் என்பதோடு தொடர்புள்ள ஒரு மரபணுவுக்கு அருகில் இருக்கிறது. ஒவ்வொரு இடமும் தனித்தனியே ஆபத்தை மிகச் சிறிதளவே மாற்றுகிறது. நம்மைப் போன்ற வெற்றிலை போடும் சனங்கள் இந்த ஆய்வில் கிட்டத்தட்ட இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மேற்கில் வாய்ப்புற்றுநோய்க்கு முதற்காரணம் சிகரெட்டும் மதுவும். அங்கே வேலை செய்யும் மரபணுவும் பாக்குக்கு எதிரே வேலை செய்யும் மரபணுவும் ஒன்றாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பியது மும்பையின் டாட்டா நினைவு மையம். அங்குள்ள ஆய்வாளர்கள் கன்னப் புற்றுநோய் வந்த இந்தியர்களின் மரபணுக்களை இதே முறையில் அலசினார்கள். அதே 5ஆம் நிறமூர்த்தத்து இடம் அங்கேயும் வந்தது. இன்னொன்றும் தெரிந்தது. புகையிலை மெல்பவர்களுக்குள், பிறவி ஆபத்துக் கூடியவர்களுக்கு நோய் ஏறத்தாழப் பத்து வருடம் முந்தி வந்தது. இதுதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமான விடை என்று நினைக்கிறேன். பரம்பரை பல இடங்களில் "யாருக்கு" என்பதைவிட "எப்போது" என்பதையே மாற்றுகிறது. பலமான மரபணு உள்ளவர் தப்பிவிட்டார் என்று நாம் நினைக்கும் பல சந்தர்ப்பங்களில் அவருக்கு நோய் வர இன்னும் காலம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி கன்னத்துக்குள் உண்டாகும் விகாரங்களுக்கு வருவோம். நோயின் போக்கைத் தீர்மானிப்பது இவைதான்.

டி.என்.ஏ.யில் அடி விழும்போதெல்லாம் உடம்பு திருத்திக்கொண்டே இருக்கும். திருத்த முடியாத கலத்தைத் தானே சாகச் செய்யும் ஏற்பாடும் உண்டு. டிபி53 என்ற மரபணு அந்த ஏற்பாட்டின் காவலாளி. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வொன்று தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகள் 279இன் மரபணுக்களை வாசித்தது. அவற்றில் பத்துக்கு ஏழுக்கும் மேற்பட்டவற்றில் டிபி53 கெட்டிருந்தது. இந்தியாவில் ஈறு, கன்னப் புற்றுநோயாளர் 110 பேரை எடுத்து 2013இல் வெளியிட்ட ஆய்விலும் டிபி53 முன்னுக்கு நின்றது. கூடவே, கெட்டுப்போனால் கலம் சாகும் வழியை அடைத்துவிடும் சிஏஎஸ்பி8, கெட்டுப்போனால் வளரச் சொல்லிக்கொண்டே இருக்கும் எச்ஆர்ஏஎஸ் போன்றவையும் வந்தன. மேற்கத்தைய கட்டிகளில் அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஐந்து மரபணுக்களையும் அந்த ஆய்வு புதிதாகக் காட்டியது. பாக்குப் போடும் வாயில் வளரும் கட்டிக்குத் தனியான ஒரு முகம் இருக்கிறது என்பதற்கு இது வலுவான அடையாளம்.

இவை ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் 9ஆம் நிறமூர்த்தத்திலும் 3ஆம் நிறமூர்த்தத்திலும் சில துண்டுகள் காணாமல் போகின்றன. அப்போது வெளியே ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரியலாம், ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். நோவு இருக்காது. பிறகு 17ஆம் நிறமூர்த்தத்தில் டிபி53 போகிறது. அடிகள் கூடக் கூடக் கலங்களின் வடிவம் மாறி, கடைசியில் அடித்தளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன. அந்த இறக்கம்தான் புற்றுநோய். முதற் திட்டிலிருந்து அதுவரை பெரும்பாலும் வருடங்கள் எடுக்கும். இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. அதுவும் வாயைத் திறந்தால் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில். இருந்தும் நம் பக்கத்தில் பலர் கழுத்தில் கட்டி வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பது மனதை வருத்துகிறது.

ஒரு திட்டை வெட்டி எடுத்த பிறகு, சில வருடம் கழித்துப் பக்கத்திலோ மறு கன்னத்திலோ இன்னொன்று வருவதுண்டு. "டொக்டர் சரியா வெட்டல்ல" என்று குடும்பம் கோபப்படும். பலமுறை அது உண்மையான காரணம் அல்ல. வயலில் கண்ணுக்குத் தெரிந்த புல்லைப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் விதை கிடந்து அடுத்த மழைக்கு வேறிடத்தில் முளைக்கிறதே, வாயும் அப்படித்தான். வருடக்கணக்காக நச்சில் ஊறிய முழுத் தோலிலும் ஆரம்ப விகாரங்கள் பரவிக் கிடக்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் பழக்கத்தைத் தொடர்பவருக்கு இரண்டாவது கட்டி வருவதும், கிளினிக் திகதியைத் தவறவிடக் கூடாது என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

எந்தத் திட்டு புற்றாக மாறும், எது சும்மா கிடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். 3ஆம், 9ஆம் நிறமூர்த்தங்களில் துண்டு இழந்த திட்டுகள் மாறும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துத் தடுக்கலாமா என்றும் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை தடுக்கவில்லை. நடைமுறையில் இன்றைக்கும் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்து, கலங்கள் எவ்வளவு உருக்குலைந்திருக்கின்றன என்று வைத்தியர் தரும் அறிக்கைதான் முதல் ஆதாரம். துண்டு வெட்டினால் நோய் பரவிவிடும் என்ற பயம் ஊரில் பலமாக இருக்கிறது. அது தேவையில்லாத பயம். வெட்டிப் பார்க்காமல் தள்ளிப்போடும் மாதங்களில்தான் நோய் பரவுகிறது.

கட்டி உள்ளே எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்பதும், கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விட்டதா என்பதும் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. கணுவுக்குப் போனால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அதனால்தான் வாய்க்குள் சின்னக் கட்டி என்று சொன்ன வைத்தியர் கழுத்தையும் திறக்க வேண்டும் என்கிறார். கழுத்தில் ஒன்றும் தெரியாத ஆரம்ப நோயாளரிலும் முற்கூட்டியே கணுக்களை எடுத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று டாட்டா நினைவு மையம் 2015இல் காட்டியது. மூன்று வருடத்தின் முடிவில் அப்படி எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து பிறகு எடுத்தவர்களில் 67.5 பேர்.

பரம்பரைதான் முதற்காரணம் என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. அவை அரிதானவை, ஆனால் தவறவிடக் கூடாதவை. பன்கோனி இரத்தச்சோகை அதில் ஒன்று. டி.என்.ஏ. திருத்தும் மரபணு ஒன்றின் இரண்டு பிரதிகளும் பழுதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு வருவது. இவர்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிடப் பல நூறு மடங்கு. வெற்றிலையைத் தொடாமலே இருபது, முப்பது வயதில் வரலாம். குள்ளமான உருவம், பெருவிரலில் குறைபாடு, தோலில் நிறத் திட்டுகள், சிறுவயதிலேயே இரத்த அணுக்கள் குறைவது போன்றவை அடையாளங்கள். இதைக் கண்டுபிடிக்காமல் வழமையான அளவில் கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் கொடுத்தால் உடம்பு தாங்காது. இன்னொன்று, நகங்கள் சிதைந்து, கழுத்துத் தோலில் வலை போல நிறம் ஏறி, நாக்கில் வெள்ளைத் திட்டு வரும் ஒரு பிறவி நோய். பழக்கம் எதுவும் இல்லாத இளவயதினருக்கு வாயில் ஆறாத புண் வந்தால், இந்தக் கோணத்திலும் பார்க்கும்படி வைத்தியரிடம் கேட்பதில் தப்பில்லை.

இவை தவிர மற்றவர்களுக்கு, "எனக்கு மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா" என்ற கேள்விக்கு இப்போதைய பதில் வேண்டாம் என்பதுதான். இணையத்தில் காசுக்குச் செய்து கொடுக்கும் பரிசோதனை எதுவும் ஒரு தனி ஆளின் வாய்ப்புற்றுநோய் ஆபத்தை நம்பிக்கையாகச் சொல்லாது. ஆபத்துக் குறைவு என்று ஒரு தாள் கையில் கிடைத்தால், அதைக் காட்டியே அடுத்த கூறைக் கட்டுவார்கள் என்பது என் கவலை.

நோயை முந்திப் பிடிக்க, வாயைப் பார்க்கக் கண்ணும் வெளிச்சமும் போதும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கிராமத்துச் சுகாதார ஊழியர்களைப் பழக்கி, வீடு வீடாகப் போய் வாயைப் பார்க்க வைக்கலாம் என்று 1980களிலேயே இலங்கையில் செய்து காட்டப்பட்டது. பழக்கவழக்கத்தில் நமக்கு நெருக்கமான கேரளத்தில் நடந்த பெரிய ஆய்வொன்று, இப்படிப் பார்த்ததால் புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களில் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் அறிவித்தது. அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, உறைப்புப் பட்டால் எரிவு, மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்காமை: இதில் எது இருந்தாலும் அடுத்த மாதம் வரை வைத்திருக்கக் கூடாது. சிவப்புத் திட்டு வெள்ளையைவிட மோசமானது. பழக்கத்தை விட்டால் வெள்ளைத் திட்டு பலருக்கு மங்கி மறைவதும் உண்டு. கன்னம் இறுகிப் போனது மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஆகவே அதைத் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டும்.

கிளினிக்கில் "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா" என்று கேட்பார்கள். நம் பக்கத்தில், தமிழரிலும் முஸ்லிம்களிலும், குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியாகவே போவதால் பலர் தாயின் ஆட்களை மட்டும் நினைத்துப் பார்த்து "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். மரபணு குடி பார்த்து வருவதில்லை. சரிபாதி தகப்பனிடமிருந்து வருகிறது. மச்சான் மச்சாள் கலியாணம் தலைமுறை தலைமுறையாக நடந்த வீடுகளில், பன்கோனி போன்ற நோய்களுக்கான ஒரே பழுது இரண்டு பக்கத்தாலும் வந்து சேர வாய்ப்புக் கூடும். அதனால் அங்கே உறவு முறையையும் சொல்ல வேண்டும். தாய், தகப்பன், கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது தலை, கழுத்துப் புற்றுநோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ 1.7 மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் கணக்கிட்டார்கள். குடும்ப வரலாற்றோடு புகையிலையும் மதுவும் சேர்ந்தால் அது ஏழு மடங்குக்கு ஏறியது. ஆகவே வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை: இரு பக்கத்திலும் யாருக்கு வந்தது, எத்தனை வயதில், வாயின் எந்த இடத்தில், அவர் என்ன போட்டார், எத்தனை வருடம் போட்டார்.